பேக்கரிப் பெட்டியில் உறைந்த பேரிக்காய்

1

கோத்தகிரிப் பக்கம் இந்நேரம் பேரிக்காய் உதிரத் தொடங்கியிருக்கும். நான் இருக்கும் கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில் பேரிக்காய் கடைக்குத்தான் வரும், மரத்தைப் பார்க்க முடியாது. ஒவ்வொரு காயிலும் ஒரு ஸ்டிக்கர். கல்லைப் போல இருப்பதை வாங்கி வந்து ஜன்னலோரம் வைத்துப் பழுக்க விடுகிறேன். வீட்டுக்காக அல்ல, வேலைக்காக.

குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமையல் பொறுப்பு எனக்கு. பெரிய பிள்ளைகளுக்குப் பாஸ்தாவும் சூப்பும். ஒரு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேக வைத்து மசித்த பழம். திங்கட்கிழமை பேரிக்காய், ஆப்பிள், மாம்பழம் எல்லாவற்றையும் தனித்தனியாக மசித்து, சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். பிறகு வாரம் முழுவதும் வேண்டியதை மட்டும் எடுத்துச் சூடாக்கிக் கொடுப்பேன்.

போன வாரம் ஒரு புதுத் தாய் வந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், கம்ப்யூட்டர் வேலை, ஏழு மாதப் பெண் குழந்தை. என் முகத்தைப் பார்த்ததுமே தமிழில் பேச ஆரம்பித்துவிட்டாள். சமையலறையைக் காட்டும்போது உறைந்த தட்டைப் பார்த்து நின்றாள்.

“ஏனுங்கக்கா, ஐஸ்ல வெச்சதையா பாப்பாவுக்குக் குடுப்பீங்க? சளி புடிச்சுக்காதுங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அவள் முகம் சுருங்கிப் போனது. உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை அம்மா என்று தோளைத் தொட்டேன். இதே கேள்வியை இருபது வருஷங்களுக்கு முன்னால் இன்னொரு தாய் என்னிடம் கேட்டாள். இவ்வளவு மரியாதையாகக் கேட்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்பினேன். முழுப் பதிலையும் சொல்ல ஆசையாக இருக்கிறது. அதற்குத்தான் இது.

2

நான் பிறந்தது கீழ் கோத்தகிரிச் சரிவில், ஒரு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில். அப்பாவும் அம்மாவும் இலங்கையில் கொழுந்து பறித்தவர்கள். அங்கிருந்து அனுப்பி வைக்கப்பட்டு, நீலகிரிக்கு வந்து மறுபடியும் கொழுந்து பறித்தார்கள். நான் பத்தாவது வரை படித்திருந்ததால் என்னைத் தேயிலைக் காட்டுக்கு அனுப்பாமல் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாகப் போட்டார்கள். தாய்மார் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறைக்கு எங்கள் ஆட்கள் இலங்கையிலிருந்து கொண்டுவந்த பெயர் அது.

தேயிலை விலை விழுந்த வருஷங்கள். எங்கள் எஸ்டேட் ஃபேக்டரி முதலில் வாரத்தில் சில நாள் ஓடியது. அப்புறம் ஒரு நாள் நின்றே போனது. அந்த இரைச்சலிலேயே வளர்ந்தவர்கள் நாங்கள். அது நின்றதும் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. என் கணவர் சேகர் அந்த ஃபேக்டரியில் ஃபிட்டர். மெஷின் நின்ற பிறகும் ஒரு வாரம் தினமும் போய் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு வந்தார். அதன் பிறகு பஜாருக்கு மூட்டை தூக்கப் போனார்.

பெண்கள் விடியற்காலையில் லாரி ஏறி, அடுத்தவர் கேரட் தோட்டத்துக்கும் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கும் போனார்கள். பிள்ளைக் காம்பராவை மட்டும் எஸ்டேட் மூடவில்லை. ஆனால் பாலும் பிஸ்கட்டும் வருவது நின்றது. ஆறு மாதம் தாண்டிய குழந்தைகளுக்குக் கஞ்சித் தண்ணீர்தான். தாய்மாரும் அரை வயிற்றோடு போய் வந்ததால் தாய்ப்பாலும் அரைகுறைதான்.

எங்கள் லயத்துக்குப் பக்கத்து லயத்தில் புஷ்பம் இருந்தாள். என் வயசுதான், சேர்ந்து பள்ளிக்கூடம் போனவர்கள் நாங்கள். அவள் மகன் மணிக்கு எட்டு மாதம். என் மகள் கவிதாவுக்கும் ஏறக்குறைய அதே வயது. மணியைத் தூக்கினால் காய்ந்த துணியைத் தூக்குவது போல இருக்கும். அழக்கூடச் சோம்பல்படுவான். அழுகிற குழந்தையைப் பற்றி ஒரு ஆயா கவலைப்பட மாட்டாள். அழாத குழந்தைதான் அவளைத் தூங்கவிடாது.

அந்த ஆனி மாதம் மேனேஜர் பங்களாவைச் சுற்றியிருந்த பேரி மரங்களும் பிளம்ஸ் மரங்களும் கிளை ஒடியக் காய்த்தன. நல்ல நாளில் கூடை கூடையாக மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பழம். அந்த வருஷம் பறிக்க ஆள் வைக்கவில்லை. உதிர்ந்து கிடந்ததைக் காட்டெருமைகள் வந்து தின்றுவிட்டுப் போயின.

மேனேஜரிடம் போய்க் கேட்டேன். முதலாளிமார் போனையே எடுக்காத காலத்தில் எங்கள் எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“எடுத்துக்கம்மா. மாடு திங்கிறத பிள்ளைங்க தின்னட்டும்” என்றார்.

3

வேக வைத்து மசித்த பேரிக்காயை முதல் வாரமே குழந்தைகள் வழித்து வழித்துத் தின்றார்கள். ஆனால் பழம் இருப்பது சில வாரங்கள்தான். ஐப்பசியில், கார்த்திகையில் என்ன செய்வது? வெயிலில் காய வைக்கலாம் என்றால் ஆடி முழுக்க மூட்டம். ஜாம் காய்ச்சலாம் என்றால் அவ்வளவு சர்க்கரைக்கு எங்கே போவது, அதைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கவும் கூடாது.

ஒரு நாள் சேகருக்குச் சாப்பாடு கொடுக்கக் கோத்தகிரி பஜாருக்குப் போயிருந்தேன். அங்கே பேக்கரி வைத்திருந்தவர் பழனிச்சாமி அண்ணன். அவருடைய அப்பா காலத்தில் அவிநாசியிலிருந்து மலையேறிய குடும்பம். கடை வாசலில் கண்ணாடி மூடி போட்ட ஐஸ்கிரீம் பெட்டி ஒன்று நின்றது. உள்ளே ஐஸ்கிரீம் இல்லை, பழைய பேப்பர்கட்டு கிடந்தது.

“அண்ணா, இந்தப் பெட்டி ஓடுதுங்களா?”

“ஓடும் அம்முணி. தேயில வெல போனதுல டீக்கே ஆள் வர்ல, ஐஸ்கிரீம் ஆரு திங்கறாங்க? அதான் நிறுத்திப் போட்டேன். என்னத்துக்குக் கேக்கற?”

“காம்பராக் கொழந்தைகளுக்குப் பழத்த மசிச்சு இதுல உறைய வெக்கலாம்னு பாக்கறேன்ங்க. மழ காலம் முடியற வரைக்கும்.”

அவர் உள்ளே போய் ஒரு பன்னைக் காகிதத்தில் சுற்றி வந்து என் கையில் கொடுத்தார். பிறகு பேப்பர்கட்டை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டார்.

“பொட்டிய நல்லாத் தொடச்சுக்க. கரண்டுச் செலவ நான் பாத்துக்கறேன். எம்பட ஊட்லயும் ஒண்ணு தவழ்ந்துட்டுத் திரியுது.”

ஊசி போட வரும் நர்ஸம்மாவிடம் கேட்டேன். தாராளமாகச் செய்யலாம் என்று சொல்லிவிட்டு, ஒன்றை மட்டும் என்னையும் தாய்மாரையும் உட்கார வைத்து இரண்டு தரம் சொன்னார். உறைந்தது ஒருமுறை உருகிவிட்டால் அப்போதே சூடாக்கிக் கொடுத்துவிட வேண்டும். உருகிக் கிடந்ததை மறுபடி உறைய வைத்துக் கொடுக்கவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் காம்பரா வாசலில் எல்லாரும் கூடினோம். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைக் கொண்டு அடுப்பு மூட்டினோம். தோல் சீவி, கொட்டை எடுத்து, ஆவியில் வேக வைத்து, சல்லடையில் தேய்த்து மசித்தோம். ஐஸ் தட்டு வாங்க வழியில்லை. அதனால் ஆளுக்கொரு இட்லித் தட்டைக் கொண்டுவந்தார்கள். பேக்கரிப் பெட்டியில் இட்லித் தட்டுகளில் பேரிக்காய் உறைந்தது. தட்டிலிருந்து தட்டி எடுத்தால் வெளிர் மஞ்சளில் ஒரு இட்லி, பிளம்ஸ் என்றால் குங்குமச் சிவப்பில். அதைப் பொட்டலம் கட்டி அடுக்கினோம். லயத்தில் அதற்கு ஐஸ் இட்லி என்று பெயர் விழுந்துவிட்டது.

தினமும் காலையில் அன்றைக்கு வேண்டியதைப் பழனிச்சாமி அண்ணன் ஒரு தெர்மகோல் பெட்டியில் வைத்து முதல் பஸ் கண்டக்டரிடம் கொடுப்பார். கண்டக்டர் எஸ்டேட் முக்கில் என் கையில் கொடுப்பார். அந்தப் பெட்டிக்கு அவர் ஒருநாளும் டிக்கெட் கேட்டதில்லை.

4

இங்கே கனடாவில் இந்த வேலைக்கு விண்ணப்பித்தபோது, முன் அனுபவம் என்ற இடத்தில் எங்கள் எஸ்டேட்டின் பெயரை எழுதினேன். அங்கிருந்து சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார்கள். எஸ்டேட் கை மாறிக் கை மாறி, என்னை வேலைக்கு வைத்தவர் யார் என்று சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை. இதை மின்னஞ்சலில் விளக்கினேன். மறுபடி அதே கேள்வி வேறு படிவத்தில் வந்தது. கடைசியில் நேரில் வரச் சொன்னார்கள்.

என் இங்கிலீஷ் அப்போது இன்னும் மோசம். எதிரில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள். குழந்தை உணவில் என்ன அனுபவம் என்று கேட்டார்கள். முதல் நாளே வாக்கியத்தை மனப்பாடம் செய்திருந்தேன். பதற்றத்தில் நடுவில் இருந்த பழம் என்ற சொல் விழுந்துவிட்டது.

“ஐ வாஸ் ஃப்ரீசிங் பேபீஸ். த்ரீ இயர்ஸ். இன் எ பேக்கரி.”

ஒருத்தி பேனாவைக் கீழே வைத்தாள். மற்றவள் என்னையே பார்த்தாள். நான் சொன்னது என்ன என்று எனக்கு உறைக்கவே சிறிது நேரம் ஆனது. அப்புறம் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார். அடுத்து மேஜையில் இருந்த தாளை வாங்கி, இட்லித் தட்டையும் பெட்டியையும் பஸ்ஸையும் படமாக வரைந்து சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தவள் கடைசியில் கேட்டது ஒன்றே ஒன்று. மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள்?

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அது எளிதில் வந்த பதில் இல்லை.

5

முதல் நாள் ஐஸ் இட்லியைப் பார்த்ததும் புஷ்பம் மணியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

“ஏன்டி செல்வி, ஐஸக் குடுத்து எம்புள்ளைக்குச் சன்னி வரவைக்கப் பாக்குறியா? வாயில ஆவி அடிக்குற குளுருல?”

நான் சட்டியை அடுப்பில் வைத்தேன். ஐஸ் இட்லி கரைந்து, கொதித்து, ஆவி வந்தது. ஆற வைத்து, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, முதலில் கவிதாவுக்குக் கொடுத்தேன். பிறகு கிண்ணத்தைப் புஷ்பத்திடமே நீட்டினேன். அவள் தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள். விரலில் எடுத்து மகன் உதட்டில் தடவினாள். மணி முகத்தைச் சுளித்தான். பிறகு வாயைத் திறந்தான். மறுபடி திறந்தான். அன்றைக்கு அவள் லாரியைத் தவறவிட்டுவிட்டு, கிண்ணம் காலியாகும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

புரட்டாசிக்குள் குழந்தைகள் தேறிவிட்டார்கள். பழம் மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன். ராகிக் கூழும் கிடைத்த கிழங்கும் சேர்ந்துதான். ஆனால் மணி அழ ஆரம்பித்தான், அதுவும் ஊரைக் கூட்டுகிற அழுகை. அதைக் கேட்க எனக்கு அவ்வளவு நிம்மதி.

ஐப்பசியில் புயல் வந்தது. மரங்கள் சாய்ந்து, மண் சரிந்து, ரோடு அடைபட்டது. மூன்று நாளோ நாலு நாளோ மலை முழுக்கக் கரண்டு இல்லை. மழை கொஞ்சம் விட்டதும் நானும் புஷ்பமும் குறுக்குப் பாதையில் ஏறிப் பேக்கரிக்குப் போனோம். பெட்டியைத் திறந்தால் பொட்டலங்கள் எல்லாம் தண்ணீராய்த் தளதளவென்று கிடந்தன. கார்த்திகை, மார்கழிக்கு வைத்திருந்த அவ்வளவும்.

“வாட ஒண்ணும் வர்லியே அம்முணி. நாளைக்குக் கரண்டு வந்துருச்சுன்னா மறுக்காக் கட்டியாயிரும்” என்றார் பழனிச்சாமி அண்ணன்.

நானும் முகர்ந்து பார்த்தேன். உண்மைதான், வாடை இல்லை. பிளம்ஸ் வாசம்தான் வந்தது. வைத்துக்கொள்ளலாம் என்று என் மனசும் சொன்னது. நர்ஸம்மா சொன்ன சொல் மட்டும் குறுக்கே நின்றது. மண்வெட்டி கேட்டு வாங்கி, கடைக்குப் பின்னால் குழி தோண்டினேன்.

“என்னடி பண்ற?” என்றாள் புஷ்பம்.

“கொட்டப் போறேன்.”

“எத்தன ஞாயித்துக்கெழம உக்காந்து தோல் சீவுனோம். வெரல் எல்லாம் கறுத்துப் போச்சு. புள்ளைக வாய்க்குள்ள போறத மண்ணுல கொட்டுவியா? நீ பத்தாவது படிச்சவன்னு திமிரு.”

“திமிரு இல்ல புஷ்பம். கெட்டுப் போனது எல்லாம் வாட காட்டாது. ஒரு புள்ளைக்கு ஒண்ணு ஆனாலும் என்னால தாங்க முடியாது.”

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ஒவ்வொரு பொட்டலமாகக் கிழித்துக் குழியில் ஊற்றினேன். கண் எரிந்தது. மழையில் யாருக்கும் தெரியவில்லை.

6

அதற்கு அடுத்த நாள் மதியம் புஷ்பத்தின் புருஷன் காம்பராவுக்கு ஓடி வந்தான். மணிக்கு வாந்தியும் பேதியும். நான் போனபோது குழந்தையின் கண் குழி விழுந்திருந்தது, உதடு வறண்டிருந்தது. ரோடு இன்னும் அடைபட்டுத்தான் இருந்தது. சரிவு வழியாக நடந்தோம். புஷ்பத்தின் புருஷன் குழந்தையைச் சுமந்தான். நான் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக மணியின் வாயில் விட்டுக்கொண்டே வந்தேன். புஷ்பம் முன்னால் ஓடினாள். வழுக்கி விழுவாள், எழுந்து ஓடுவாள். பெரிய ரோட்டில் ஒரு காய்கறி ஜீப் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் மணி அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினான்.

ஆனால் அதற்குள் எஸ்டேட் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. ஐஸ் பழம்தான் காரணம். செல்விதான் காரணம். சில தாய்மார் குழந்தைகளைக் காம்பராவுக்குக் கொண்டுவரவில்லை. முதுகில் கட்டிக்கொண்டு கேரட் தோட்டத்துக்குப் போனார்கள், அந்த மழையில். யாரோ மேலே புகார் சொன்னதில் மேனேஜருக்குப் பயம் வந்துவிட்டது. காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் எல்லாரையும் வரச் சொன்னார்.

“ஒரு உசுரு போயிருந்தா நான் பதில் சொல்லணும். காம்பராவ மூடறதத் தவிர எனக்கு வேற வழி தெரியல” என்றார்.

புயல் தொடங்கியதிலிருந்து குழந்தைகளுக்குப் பழமே கொடுக்கவில்லை என்றேன். யாரும் நம்பின மாதிரித் தெரியவில்லை. சேகர் என் பக்கத்தில் வந்து நின்றார், அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து புஷ்பம் வந்தாள். இடுப்பில் மணி. அன்று காலைதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார்கள்.

“செல்வி குடுத்து எம்புள்ளைக்கு வரல சார். அவ வேண்டாம்னு குழியில கொட்டுனா. நான்தான் ரெண்டு பொட்டலத்த சால்வைக்குள்ள மறச்சு எடுத்துட்டு வந்தேன். அவளுக்குத் தெரியாது. புள்ள பசிக்கு அழுதான், குடுத்தேன்.”

அவள் புருஷன் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் அப்போதுதான் தெரியும். அவள் நிறுத்தவில்லை.

“என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க. காம்பராவ மூடாதீங்க. மூடுனா இத்தன புள்ளையும் மறுபடி கஞ்சித் தண்ணிதான் குடிக்கும். எம்புள்ள இன்னைக்கு அங்கதான் இருப்பான்.”

சொல்லிவிட்டு நேரே என்னிடம் வந்து மணியை என் கையில் கொடுத்தாள். லாரி நிற்கும் இடத்துக்கு நடந்தாள். எல்லார் முன்னாலும், தன் புருஷனின் முகத்துக்கு முன்னாலும் அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று நான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அவள் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பழி என்னோடு போயிருக்கும்.

மேனேஜர் “சரி, போய் வேலையப் பாருங்க” என்றார். காம்பரா மூடப்படவில்லை.

அந்தக் குளிர்காலத்தைப் பூசணியையும் கிழங்கையும் வேக வைத்துக் கடத்தினோம். அடுத்த ஆனியில் பங்களா மரத்தடிக்கு முதலில் கூடையோடு போனவள் புஷ்பம். அதையும் சேர்த்து இன்னும் இரண்டு பருவம் பழனிச்சாமி அண்ணனின் பெட்டி எங்களுக்காக ஓடியது. தேயிலை விலை மெல்ல ஏறி, புது முதலாளி வந்து, காம்பராவுக்குப் பால் திரும்பும் வரை ஓடியது. அந்த வருஷங்களில் எங்கள் காம்பராவிலிருந்து ஒரு குழந்தையையும் நாங்கள் இழக்கவில்லை. பக்கத்து எஸ்டேட்டுகளில் எல்லாராலும் அப்படிச் சொல்ல முடியாது.

7

சேகர் வளைகுடாவுக்குப் போய், அங்கிருந்து இங்கே இறைச்சி ஃபேக்டரிக்கு மெக்கானிக்காக வந்தார். பிறகு நானும் கவிதாவும் வந்தோம். கவிதா இப்போது வேறு நகரத்தில் வங்கி வேலையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள், பாதித் தமிழில் ஆரம்பித்து முழு இங்கிலீஷில் முடிப்பாள். என் அம்மா ஒரு ஹில் ஸ்டேஷனிலிருந்து வந்தவர் என்று தோழிகளிடம் சொல்வாள். நான் ஒவ்வொரு முறையும் திருத்துவேன். ஹில் ஸ்டேஷனுக்கு மற்றவர்கள் வருவார்கள், நாங்கள் எஸ்டேட்காரர்கள். லயம் என்றால் என்ன என்று அவள் மறந்துவிட்டாள். இந்தக் கதையை அவளிடம் இங்கிலீஷில் சொல்லப் பார்த்தேன். பாதியில் அவள், “வெயிட் அம்மா, தமிழ்லயே சொல்லு, மெதுவா” என்றாள். சொன்னேன். முடிந்ததும் “அப்ப நானும் அதச் சாப்ட்டேனா?” என்று கேட்டாள். முதல் வாய் உனக்குத்தான் என்றேன்.

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தேன். பழனிச்சாமி அண்ணன் இல்லை, பேக்கரி இருந்த இடத்தில் போன் கடை இருக்கிறது. மணி ஆறடி உயரம், திருப்பூரில் எலக்ட்ரீஷியன். எனக்குப் பிறகு பிள்ளைக் காம்பராவில் ஆயாவாகப் போனவள் புஷ்பம். இந்த வருஷத்தோடு ஓய்வு பெறப்போகிறாள். வடக்கேயிருந்து வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்களின் குழந்தைகளும் இப்போது அங்கே தவழ்கின்றன, அவள் அவர்களோடு அரைகுறை இந்தியில் பேசுகிறாள். சுவரோரம் ஒரு ஃப்ரிட்ஜ் நின்றது. புது முதலாளியிடம் சண்டை போட்டு வாங்கினதாம்.

நான் ஆசையாகப் போய் மேலே இருந்த ஃப்ரீசர் கதவின் கைப்பிடியில் கை வைத்தேன்.

“நில்லுடி” என்றாள் புஷ்பம். “செருப்ப வெளிய விடு. கையச் சோப்புப் போட்டுக் கழுவு. அதுக்கு அப்பறம் தொறந்து பாரு.”

வெளியே வந்து செருப்பைக் கழற்றினேன். குழாய்த் தண்ணீர் விரலைக் கடித்தது. இரண்டு தரம் சோப்புப் போட்டேன். புதுசாகச் சேர்ந்த ஒரு இளம் தாய் வாசலில் குழந்தையோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவங்க யாரு என்று உள்ளே பார்த்துக் கேட்டாள்.

புஷ்பத்தின் குரல் கேட்டது. “இவளா? நம்ம காம்பரா ஆயா. லீவுல கனடா போயிருந்தா.”